இரும்புச் சகலை

அளவுக்காரருக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. பதினோரு வருஷமாகக் கிடையாது. தெருக்கோடியிலேயே பல் டாக்டர் இருந்தார். வீட்டுக்காரி மூன்று தடவை சலவைச் சட்டை மாட்டிவிட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். மூன்று தடவையும் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். கட்டுப்பல் கட்டிக்கொண்டால் அவன் செய்தது இல்லையென்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி. மற்றவர்கள் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். இவர் சாட்சியை வாயிலேயே வைத்திருந்தார்.

'அவன்' என்றால் சகலை. வீட்டுக்காரியின் தங்கச்சி புருஷன்.

வீட்டுக்காரியைப் பெற்ற அத்தைக்கும் மாமாவுக்கும் ஆண்பிள்ளை இல்லை, பெண் இரண்டு. மாமா லாரிப் பட்டறை வைத்திருந்தவர். மூத்தவளைத் தன்னிடமே எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருந்த அளவுக்காரருக்குக் கொடுத்தார். நாலு வருஷம் கழித்து, வேறு பட்டறையில் கியர்பாக்ஸ் வேலை பார்த்தவனைத் தேடிப் பிடித்து இளையவளைக் கொடுத்தார். எஞ்சினுக்கு ஒரு மாப்பிள்ளை, கியர்பாக்ஸுக்கு ஒரு மாப்பிள்ளை, வெளியாளே வேண்டாம் என்று அவர் போட்ட திட்டம். போட்டுவிட்டு ஆறே மாதத்தில் கண்ணை மூடிவிட்டார். "வம்பை இழுத்து விட்டுட்டு அப்பா மட்டும் தப்பிச்சுக்கிட்டாரு" என்று மூத்தவள் சொல்லாத நாள் இல்லை.

அன்றிலிருந்து பட்டறை அத்தை கையில். மாமியார் முதலாளி, மாப்பிள்ளைகள் வேலையாட்கள். விபத்தில் சிக்கிய ஒரு லாரியிலிருந்து கழற்றிய டிரைவர் சீட்டைத் தரையில் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு அத்தை ஆட்சி செய்தாள். திட்டினாலும் மரியாதை குறையாது. "மாப்பிள்ளை, உங்க மூளைய வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா, இல்ல வரும்போதே இல்லியா" என்று கேட்பாள். 'ங்க' போட்டுத் திட்டினால் வாங்குகிறவனுக்கு இன்னும் ஆழமாக இறங்கும் என்பதை அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அளவுக்காரர் பேர் வந்த கதை சின்னதுதான். எந்தப் போல்ட்டையும் அவர் வெறும் ஸ்பேனரால் முறுக்கி முடிக்க மாட்டார். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சால்தான். அது, வைத்த அளவு வந்ததும் 'டக்'கென்று சொல்லும் நீளக் கைப்பிடி ரெஞ்சு. அதைத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருப்பார். டக் கேட்டதும் போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் பச்சை பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். போல்ட்டு ஒரு நூல் அளவு தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். டீக்குச் சர்க்கரை போடும்போதும் கரண்டியை விரலால் வழித்துச் சமமாக்கித்தான் போடுவார். சகலை நேர்மாறு. "அளவு காட்டுற முள்ளு என் மணிக்கட்டுலயே இருக்கு" என்பான். முறுக்குவான், தட்டிப் பார்ப்பான், போய்விடுவான். அவனுக்குக் கைக்கணக்கு என்று பேர். அவன் இழுக்கும் கோடு மஞ்சள். அதுவும் அத்தை கேட்டால்தான் இழுப்பான்.

பல் போன அன்று காலையில், கைக்கணக்கு முறுக்கி வைத்த கியர்பாக்ஸ் ஒன்றை அளவுக்காரர் சோதித்துப் பார்த்தார். மூன்று போல்ட்டு தளர்வு. ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். டீ குடித்துக்கொண்டு நின்ற ஐந்தாறு டிரைவர்களின் முன்னால், "உன் மணிக்கட்டு முள்ளைக் கொஞ்சம் ரிப்பேருக்குக் குடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கைக்கணக்கும் சிரித்தான்.

மத்தியானம் ஒரு லாரிக்கு ஃப்ளெக்ஸ் பிளேட்டு மாட்ட வேண்டியிருந்தது. அது எஞ்சினின் பின்முகத்தில், உள்ளே சுழலும் தண்டான கிராங்கின் நுனியில் உட்காரும் வட்டத் தகடு. முறம் அகலம் இருக்கும், ஓரமெல்லாம் பல். எஞ்சின் சுற்றுவதை கியர்பாக்ஸுக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். நடுவில் எட்டுப் போல்ட்டு. அதை முறுக்கும்போது ஒரு தொல்லை உண்டு. போல்ட்டோடு சேர்ந்து கிராங்கும் சுற்றப் பார்க்கும். அதனால் ஒரு ஆள் கம்பி கொடுத்துத் தகட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் ரெஞ்சை இழுக்க வேண்டும். அன்று கைக்கணக்கு கம்பியைப் பிடித்தான். அளவுக்காரர் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ரெஞ்சைத் தன் பக்கம் இழுத்தார். பாதி இழுப்பில் கம்பி விட்டுப்போனது. எதிர்ப்பு இல்லாமல் கிராங்கு சுழன்றது, இரும்புக் கைப்பிடி வாயில் வந்து அடித்தது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில் ஒரு பல் விழுந்தது. இன்னொன்றை அவர் கையில் துப்பினார்.

"தும்மல் வந்துடுச்சு" என்றான் கைக்கணக்கு. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. சாயங்காலம் மாடியில், பெண்டுகள் இருவரும் இருக்கும்போதே, "இனிமே அண்ணனுக்கு விசில் நல்லா வரும்" என்று வேறு சொன்னான்.

அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முடியாது. பட்டறைக்கு மேலே மாடியில் அடுத்தடுத்து இரண்டு குடித்தனம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இவர் இருமினால் அவன் வீட்டில் ரேடியோவின் சத்தம் கூடும். மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் நடுவில் கிழிந்த துணி ஒன்றைக் கட்டி எல்லை பிரித்திருந்தார்கள். அக்காவும் தங்கச்சியும் மட்டும் அந்த எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் துணி காயப்போட்டு, குழம்பு மாற்றிக்கொண்டு, புருஷன்மார் இருவரையும் சேர்த்துவைத்துச் சிரிப்பார்கள்.

கீழே பட்டறையில் ஜாடைப் பேச்சு. கைக்கணக்கு கியர்பாக்ஸைத் தூக்கும் ஜாக்கியைப் பார்த்துச் சொல்வான், "ஏ ஜாக்கி, எஞ்சின் பக்கம் வேலை எப்ப முடியுமாம், அடுத்த பிறவியிலயா?" அளவுக்காரர் எஞ்சினைத் தட்டிச் சொல்வார், "அவசரப்பட்டவங்க கழட்டி மாட்டுறதைத்தான் தினம் பாக்குறியே நீ." எஞ்சின் இவருடையது, கியர்பாக்ஸ் அவனுடையது. இரண்டும் சேருமிடத்தில் இருக்கும் அந்தத் தகடு இவர் பொறுப்பு. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸை ஏற்றிப் பூட்டுவது அவன் பொறுப்பு. யாரும் எல்லை தாண்டுவதில்லை.

கம்பி பிடிக்க ஆள்? அதற்கும் அளவுக்காரர் வழி செய்துகொண்டார். தகட்டின் ஓரப் பல்லில் கொக்கிபோல் மாட்டி, எஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டால் இறுக்கிவிடும்படி கனமான இரும்புத் துண்டு ஒன்றை ராவி ராவித் தானே செய்தார். அதை மாட்டிவிட்டால் கிராங்கு அசையாது, எவன் தயவும் வேண்டாம். பட்டறைக்கு வரும் டிரைவர்கள் அதற்கு இரும்புச் சகலை என்று பேர் வைத்தார்கள். "நிஜச் சகலைக்கு இது மேல். தும்மாது" என்பார் அளவுக்காரர், எஞ்சினைப் பார்த்து.

இப்படியே பத்து வருஷம் ஓடி, பதினொன்றும் முடியப்போகிற சமயத்தில் கல்குவாரி முதலாளியின் வண்டி வந்தது.

அவருக்கு ஒன்பது வண்டி. ஒன்பதும் இந்தப் பட்டறைக்குத்தான் வரும். சொல்லப்போனால் பட்டறையில் அடுப்பெரிவதே அந்த ஒன்பதால்தான். அதில் ஒன்றில், மேட்டில் சுமை இழுத்து இழுத்து, பழைய ஃப்ளெக்ஸ் பிளேட்டு வெடித்துவிட்டது. இந்த முறை சாதாரணத் தகடு வேண்டாம், கனரகத் தகடாகவே போடுவோம் என்று அத்தையிடம் நின்று வாதாடி வரவழைத்தவர் அளவுக்காரர். பழையதைவிட ஒன்றரை மடங்கு தடிமன்.

மாட்டுவதற்கு முன் எஞ்சினின் பின்முகத்தைச் சுத்தம் செய்தார். அந்த முகத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, கட்டைவிரல் மொத்தத்தில் இரண்டு இரும்புப் பின் துருத்திக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸின் வாய் அந்த இரண்டின் மேலும் போய் உட்கார்ந்தால்தான் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஒரு பின்னில் துரு ஏறியிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, குழியின் விளிம்பில் ஒரு துணியின் மேல் வைத்தார். அப்புறம் தகட்டை ஏற்றினார். எட்டும் புதுப் போல்ட்டு. பழைய போல்ட்டை அவர் மறுபடி போட்டதே கிடையாது. ஒவ்வொன்றின் மரையிலும் இரண்டு சொட்டுப் பசை. இரும்புச் சகலையை மாட்டிவிட்டு, எதிரும் புதிருமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி இறுக்கினார். எட்டு டக். எட்டுப் பச்சைக் கோடு. பின்னை மட்டும் திரும்ப அடிக்க மறந்து, மேலே ஏறிக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது கைக்கணக்கு கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பின் துணிமேலேயே கிடந்தது. அளவுக்காரர் அதைப் பார்த்தார். காலித் துளையை நோக்கி கியர்பாக்ஸ் விரல் விரலாக ஏறுவதையும் பார்த்தார்.

ஒரு சொல் போதும். 'நிறுத்து' என்றால் போதும். அதுகூட வேண்டாம், எஞ்சினைத் தட்டி ஜாடையாகச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து அவனே கேட்கட்டும் என்று நின்றார். அவன் கேட்கவில்லை. கியர்பாக்ஸ் முகத்தோடு முகம் ஒட்டியது, சுற்றுப் போல்ட்டெல்லாம் இறுகியது, மஞ்சள் கோடு விழுந்தது. அளவுக்காரர் பின்னை எடுத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, தன்னுடைய தகர டப்பாவில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனார். என்றைக்காவது அந்த கியர்பாக்ஸ் ஆடும், அன்றைக்கு அவன் மாட்டுவான் என்று ராத்திரி நன்றாகவே தூங்கினார்.

ஆடியது. இருபத்து மூன்றாம் நாள். ஆனால் மாட்டியது அவரேதான்.

குவாரி மேட்டில் முழுச் சுமையோடு ஏறும்போது பெரிய சத்தம் கேட்டு வண்டி நின்றுவிட்டது. டிரைவர் கைபிரேக்கைப் பிடித்து இழுத்து, குதித்து இறங்கி, டயருக்குக் கல் வைத்ததால் பின்னால் உருளவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். கூடவே முதலாளியும் வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"கனரகத் தகடுன்னு சொல்லித்தானம்மா போட்டீங்க. இருபது நாளைக்கு மேல தாங்கல. இதைக் கெடுத்தது எந்தக் கையோ, அந்தக் கை இனிமே இந்தப் பட்டறையில இருக்கக் கூடாது. இருந்தா என் ஒன்பது வண்டியும் வேற இடம் பாத்துக்கும்."

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றாள் அத்தை. அவர் போனதும் சீட்டிலிருந்து எழுந்தாள். அத்தை எழுந்தால் பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிடும். "ரெண்டு மாப்பிள்ளையும் கேட்டுக்கங்க. கழட்டிப் பாப்போம். யார் பக்கம் தப்போ அவங்க மாடிய காலி பண்ணணும். பொண்ணைக் குடுத்தேன்னு பாக்க மாட்டேன். ஒரு வீடு போகலாம், ரெண்டு வீடும் போகக் கூடாது."

அளவுக்காரருக்கு ஐம்பத்தேழு வயது. இந்தப் பட்டறையை விட்டால் அவரைச் சேர்த்துக்கொள்ள எவனுமில்லை. ஒரு எஞ்சினுக்கு மூன்று நாள் எடுப்பவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அது அவருக்கும் தெரியும், கைக்கணக்குக்கும் தெரியும். அதனால்தான் அவன் கியர்பாக்ஸை இறக்கும்போதே ஜாக்கியிடம் ஆரம்பித்துவிட்டான். "ஜாக்கி, தகடு கிழிஞ்சா என்னடா அர்த்தம்? போல்ட்டு லூசுன்னு அர்த்தம். இது உனக்கே தெரியும். பெட்டியில துணி சுத்தி ரெஞ்சு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் தெரியல."

தகடு வெளியே தெரிந்தது. எட்டுப் பச்சைக் கோடும் எட்டுக் கம்பிபோல நேராக நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. அளவுக்காரர் டார்க் ரெஞ்சைத் துணி பிரித்து அத்தையிடம் நீட்டினார். எழுபது வயதுப் பெண்மணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். இரும்புச் சகலையை மாட்டச் சொல்லி, ஒவ்வொரு போல்ட்டாக இழுத்துப் பார்த்தாள். எட்டு டக்.

"போல்ட்டு மேல தப்பில்லை" என்றாள்.

அப்புறம் விரிசலை நகத்தால் தடவினாள். போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாக, வாழைப்பழத் தோலைக் கத்தியால் சுற்றிக் கீறியதுபோல ஓடியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து கிழிந்த தகடு. டார்ச்சை வாங்கி எஞ்சின் முகத்தில் அடித்தாள். இடப்பக்கத்தில் பின் இருந்தது. வலப்பக்கத்தில் துளை, துளைக்குள் கல்தூசு.

"சின்ன மாப்பிள்ளை, கியர்பாக்ஸ ஏத்தினது நீங்கதானே?"

"நான்தான் அத்தை. ஆனா பின்னு எஞ்சின்ல இருக்கிறது. எஞ்சின் வேலை எனக்கில்லை."

"துளை காலியா இருந்தது கண்ணுல பட்டுதா இல்லியா?"

கைக்கணக்கு வாயைத் திறக்கவில்லை. அத்தைக்கு அது போதுமாயிருந்தது. ஏற்றுகிறவன் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். மாமா காலத்திலிருந்து அதுதான் பட்டறைச் சட்டம். மாடிப்படியில் ஈரத்துணி வாளியோடு நின்றிருந்த இளையவள், வாளியை அங்கேயே வைத்துவிட்டு மேலே போனாள்.

அளவுக்காரர் ஜெயித்துவிட்டார். பதினோரு வருஷம் காத்திருந்து, வாயையே திறக்காமல் ஜெயித்தார். மாடிக்குப் போய் உட்கார்ந்தார். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம், பீரோ இழுபடும் சத்தம். வீட்டுக்காரி சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளினாள். "ஜெயிச்சிட்டீங்க. சாப்பிடுங்க" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் தொற்றுநோய்.

இரண்டாவது பிடி சோறு வாயிலிருந்தபோது, கீழே அத்தை ஃபோனில் யாரிடமோ சத்தமாகப் பேசுவது ஜன்னல்வழி கேட்டது. கடைசல்காரரிடம். பின் ஒன்று தொலைந்துவிட்டது, இடப்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று கடைந்து தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏறக்குறைய இருந்தாப் போதும், உள்ள போறது யாருக்குத் தெரியப்போகுது" என்றாள்.

ஏறக்குறைய! அளவுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தேய்ந்த பின்னைப் பார்த்து ஒரு பின் கடைவார்களாம். அது அரை மயிரிழை மெலிந்தாலும் கியர்பாக்ஸ் மறுபடி ஆடும், தகடு மறுபடி கிழியும். எட்டு டக் சொன்ன தகடு! அசல் பின்னோ எண்ணெய்க் காகிதத்துக்குள், அவர் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. சகலைமேல் இரக்கம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அளவு தப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சோறு தின்ன முடியாது, அவ்வளவுதான். கையைக் கழுவினார். டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கைக்கணக்கு தன் ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். அத்தையின் முன்னால் டப்பாவை வைத்துத் திறந்தார் அளவுக்காரர். அத்தை காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"இருபத்து மூணு நாள்."

"தெரிஞ்சே வச்சிருந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அப்புறம் திரும்பினார். எஞ்சினைப் பார்க்கவில்லை, ஜாக்கியைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். "நீ கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்."

பதினோரு வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் பேச்சு.

கைக்கணக்கு சாக்கைக் கீழே போட்டான். "நீ காட்டியிருந்தா மாட்டியிருப்பேன். துளை காலின்னு அன்னிக்கே பாத்தேன். உன்கிட்டதான் இருக்கும்னும் தெரியும். உன்கிட்ட வந்து கேக்கணுமா? போனாப் போகட்டும், கிழிஞ்சா உன் தகடுதானே கிழியும்னு ஏத்தினேன்."

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் அந்தப் பின் இருந்தது. வீசி எறியப்போகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"அந்த டிரைவருக்கு ரெண்டு பொண்ணு" என்றாள். "மேட்டுல வண்டி உருண்டிருந்தா அந்தப் பொண்ணுங்ககிட்ட யாருங்க மாப்பிள்ளை பேசியிருப்பீங்க? நீங்களா? நீங்களா? இல்ல ஜாக்கியா?"

 

அத்தை குவாரி முதலாளிக்கு ஃபோன் போட்டாள். மறைக்கவில்லை. பின்னை ஒருவர் ஒளித்தார், தெரிந்தே ஒருவர் ஏற்றினார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கெடுத்த கை போகணும்னீங்க. கை ரெண்டில்லைங்க, நாலு. நாலையும் அனுப்பிட்டா வண்டிய மாட்ட நீங்கதான் வரணும்" என்றாள். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் வசவு. கடைசியில் அவர் ஒரு தவணை கொடுத்தார். இந்த ஒரு வண்டி ஒரு மாதம் ஓடட்டும், தகடு தாங்கினால் மற்ற எட்டும் வரும், தாங்காவிட்டால் பட்டறையையே மூடிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, ஒரு வீடு போகவேண்டிய இடத்தில் இப்போது இரண்டு வீடும் அந்தத் தகட்டில் தொங்கியது.

புதுத் தகடு மறுநாள் காலையில் வந்தது. அத்தை இரண்டு காரியம் செய்தாள். இரும்புச் சகலையை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இவருக்கு இன்னிக்கு லீவு" என்றாள். அப்புறம் துணி சுற்றிய டார்க் ரெஞ்சைக் கொண்டுபோய்க் கைக்கணக்கின் கையில் கொடுத்தாள். கம்பியை அளவுக்காரரிடம் கொடுத்தாள். ரெஞ்சு போனது அவருக்கு இன்னும் இரண்டு பல் போனதுபோல இருந்தது.

"சின்ன மாப்பிள்ளை இழுக்கணும், பெரிய மாப்பிள்ளை பிடிக்கணும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாய்விட்டுச் சொல்லணும். பச்சையும் மஞ்சளும் ரெண்டு கோடும் விழணும். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

சீட்டைக் குழியின் விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் பின்னை அடித்தார்கள். தகட்டின் ஓரத் துளைகளில் பழைய போல்ட்டு இரண்டைத் திருகி, அவற்றின் இடையில் கம்பியைக் கொடுத்து, அளவுக்காரர் இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு முழ தூரத்தில் சகலையின் முகம். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மீசை நரைத்திருந்தது. ரெஞ்சின் கைப்பிடி நேராக அந்த மீசையைக் குறிபார்த்து நின்றது.

"பிடிச்சிருக்கேன்."

"இழுக்கறேன்."

டக்.

முதல் சுற்று எட்டு, இரண்டாம் சுற்று எட்டு. இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. கைக்கணக்கு ஒவ்வொரு தடவையும் கம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இழுத்தான். பார்க்க வேண்டியதுதான். விட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் குழியில் இருந்த இருவருக்குமே நன்றாகத் தெரியும்.

மூன்றாம் சுற்றுதான் கடைசி இறுக்கு. ரெஞ்சில் முழு அளவு. ஆள் உடம்பைச் சாய்த்து இழுத்தால்தான் டக் வரும். குவாரி வண்டியாதலால் சேசிஸ் முழுக்கக் கல்தூசு. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் உதிர்ந்தது. ஏழாவது போல்ட்டு. "பிடிச்சிருக்கேன்." "இழுக்கறேன்." கைக்கணக்கு சாய்ந்து இழுக்கத் தொடங்கினான். அளவுக்காரரின் மூக்கில் தூசு ஏறியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உடம்பே இரண்டாக மடிகிற மாதிரி ஒரு தும்மல் வந்தது.

கண்ணைத் திறந்தபோது கம்பி அப்படியே இருந்தது. தும்மின வேகத்தில் விரல்கள் இன்னும் இறுகிப்போய், நகமெல்லாம் வெளுத்து, கம்பியைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தன. டக் என்ற சத்தம் அந்தத் தும்மலுக்குள்ளேயே கேட்டது.

அளவுக்காரர் தன் கையைப் பார்த்தார்.  பிறகு அவனைப் பார்த்தார்.

"தும்முனாக் கை விடாதுடா" என்றார். "இறுகுது."

 கைக்கணக்கு மஞ்சள் பெயிண்டைத் தொட்டு ஏழாவது போல்ட்டில் கோடு இழுத்தான். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. மேலே சீட்டில் இருந்த அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

இன்னும் ஒரு போல்ட்டு பாக்கி. கைக்கணக்கு ரெஞ்சை மாட்டினான். காலை மாற்றி வைத்தான். கைப்பிடியின் பாதையிலிருந்து முகத்தை விலக்கி, தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கையை மட்டும் நீட்டி நின்றான். உதட்டை உள்ளே மடித்துப் பல்லை மூடிக்கொண்டான்.

"ஏன் மூஞ்சிய ஒளிக்கிற?" என்றார் அளவுக்காரர். "பிடிச்சிருக்கேன்."

அவன் இழுக்கவில்லை.

"பிடிச்சிருக்கேன்னு சொன்னேன். உன்ன மாதிரி இல்ல நான். இழு."

இழுத்தான். முழு இழுப்பின் பாரமும் கம்பி வழியாக அளவுக்காரரின் தோளுக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் கையைத் தளர்த்தினால் போதும். பதினோரு வருஷக் கணக்கு அந்தக் கம்பியின் நுனியில் நின்றது. தகடு போனால் தன் வீடும் போகும் என்பதால் விடவில்லையா, இல்லை எட்டாவது டக் கேட்காமல் தன்னால் இருக்க முடியாது என்பதால் விடவில்லையா என்று மூத்தவள் பின்னால் பல தடவை கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொன்னதில்லை.

டக்.

பச்சை விழுந்தது, மஞ்சள் விழுந்தது. எட்டும் ஆயிற்றா என்று அத்தை கேட்டாள். "ஆச்சு அத்தை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, அதற்காகவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

மாதம் முடிந்து வண்டி வந்தது. தகட்டில் கீறல் இல்லை. மற்ற எட்டு வண்டியும் பின்னாலேயே வந்தன. பரணிலிருந்து இறங்கிய பெட்டி மறுபடி பரணேறியது. இரும்புச் சகலை அத்தையின் அலமாரியிலேயே இருந்துவிட்டது. கேட்டுப் பார்த்தார்கள், தரவில்லை. அதனால் தகடு மாட்டும் நாளில் மட்டும் அந்த இரண்டு சொல்லை இருவரும் பேசிக்கொள்வார்கள். மூன்றாவது சொல் இன்றுவரைக்கும் கிடையாது. கொடிக்கயிற்றில் அந்தக் கிழிந்த துணியும் அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறியது. வண்டி தேறிய அடுத்த வாரம், யாரும் தள்ளாமலே அளவுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரிக்கு ஆச்சரியம். தீர்ப்பு வந்தாச்சு, இனிமேல் சாட்சி எதற்கு என்றார்.

அன்று சாயங்காலம் பட்டறையில் இறங்கி, கியர்பாக்ஸின் பக்கம் குனிந்திருந்த சகலையின் எதிரே போய் நின்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். அளவுக்காரர் வாயை அகலமாகத் திறந்து, புதுப் பல் இரண்டும் தெரிய, ஒரே ஒரு தடவை சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் எஞ்சினுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சகலைக்கு வைத்த சோற்றுத் தட்டு தொடாமல் அப்படியே திரும்பி வந்ததாகத் தங்கச்சி அக்காவிடம் சொன்னாள்.